கம்பை நட்டவர், நீரை வடித்தவர்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையில் இஞ்சிவிளையைத் தாண்டினால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. சோதனைச் சாவடியையும் பெயர்ப்பலகைகளையும் எடுத்துவிட்டால் எந்த மண் எந்த மாநிலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் அதே செம்மண், அதே தென்னை, அதே பலா, சரிவுகளில் அதே மரச்சீனி. நெய்யாற்றின்கரைக்காரர் மலையாளத்தில் பேசினாலும் விளவங்கோட்டுக்காரர் தமிழில் பேசினாலும் அந்தக் கிழங்கின் பெயர் மரச்சீனிதான். கோட்டயத்துக்குப் போனால் அது கப்பை, சேலத்தில் குச்சிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் மரவள்ளி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் பிரிந்தபோது நிலம் பிரிந்தது, அலுவலகங்கள் பிரிந்தன, கிழங்கின் பெயர் மட்டும் பிரியவில்லை.

இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் இந்த ஊர்களில் கம்பு நறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போன வருடத்துச் செடியின் தண்டு, நிழலில் செங்குத்தாகச் சாத்திவைத்திருந்தது, கைக்கு வருகிறது. கத்தி சாய்வதில்லை. ஒரே வீச்சில், ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு விழுகிறது. வெட்டுவாயில் வெள்ளைப் பால் கசிகிறது. நறுக்குகிறவர் துண்டைத் திருப்பிப் பார்த்து, கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, கூட்டிவைத்த மண்குவியலின் உச்சியில் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்கு ஊன்றுகிறார். அடுத்த குவியலுக்கு மூன்றடி தள்ளிப் போகிறார். விதைப்பு அவ்வளவுதான். எட்டு, பத்து மாதத்தில் அந்தக் குச்சியின் அடியில் ஒரு குடும்பம் வயிறார உண்ணும் கிழங்கு இருக்கும்.

இந்தக் குச்சிக்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டின் ஒரு பெரிய கதை இருக்கிறது. தரிசைத் திருத்திப் பயிராக்கிய முன்னோடி விவசாயியின் கதை அது. அந்தக் கதையைச் சொல்லும்போது கலப்பை பிடித்தவரை எல்லாரும் நினைக்கிறோம். அடுப்பு மூட்டியவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதற்கு மரச்சீனியைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டு அறிவிப்புகள்

முன்னோடி விவசாயி என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது அமெரிக்கர்தான். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மேற்கே போய் 160 ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி, 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் அந்த நிலம் சொந்தமாகும். 1863 ஜனவரி 1 அன்று, சட்டம் நடப்புக்கு வந்த அந்த நாளிலேயே, நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் என்பவர் முதல் விண்ணப்பங்களில் ஒன்றைப் பதிவு செய்தார். மரமே இல்லாத புல்வெளியில் புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மக்காச்சோளம் விதைத்தார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ நாவல்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன.

அதே காலத்தில், 1865 ஜூன் 2 அன்று, இந்த எல்லையின் இரண்டு பக்கமும் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரில் ஒரு விளம்பரம், அதாவது அரசு அறிவிப்பு, வெளியானது. அப்போது மன்னர் ஆயில்யம் திருநாள் மகாராஜா, திவான் டி. மாதவராவ். அரசுக்குச் சொந்தமான பாட்டநிலத்தை, அதாவது குத்தகை நிலத்தை, உழுதுவந்த குடியானவருக்கு அந்த நிலத்தின் முழு உரிமையையும் அரசு விட்டுக்கொடுத்தது. அவர் அதை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். வரியை ஒழுங்காகக் கட்டினால் போதும். பண்டாரப்பாட்ட விளம்பரம் என்று அதற்குப் பெயர். திருவிதாங்கூர்க் குடியானவர்களின் மாக்னா கார்ட்டா என்றே வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அங்கே ஓர் ஆளுக்கு 160 ஏக்கர். இங்கே நிலத்தை இன்றைக்கும் சென்டில் எண்ணுகிறோம். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பாட்டத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த உரிமை, அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்துக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. அமெரிக்கப் புல்வெளி வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள், அவர்களைத் தள்ளிவிட்டே 160 ஏக்கர்கள் அளக்கப்பட்டன. நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையின் அடிவாரக் காடுகளிலும் காணிக்காரர்கள் காலங்காலமாக வாழ்ந்துவந்தார்கள். பயிர்நிலம் மலையேற ஏற அவர்களுடைய காடு சுருங்கியது. முன்னோடிகளைப் போற்றும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

சிறு குடியானவருக்கு எந்த நிலம் மிஞ்சியது? ஊர்ப் பெயர்களே பதில் சொல்கின்றன. பள்ளத்தில் இருக்கும் ஏலாக்களில், அதாவது நெல்வயல்களில், தண்ணீர் உண்டு. அவை கோயிலுக்கும் வசதி படைத்த வீடுகளுக்கும் முன்பே சொந்தமாகிவிட்டன. மேட்டில் இருப்பது விளை. மானாவாரித் தோட்டம். களியக்காவிளை, இஞ்சிவிளை என்று எல்லையை ஒட்டி வரிசையாக வரும் பெயர்களைக் கவனியுங்கள். பனையும் பலாவும் காணமும் விளைந்த மேட்டுநிலங்கள் அவை. முன்னோடியின் நிலம் அந்தச் சரிவுதான்.

செம்மண்ணின் கணக்கு

அந்தச் சரிவின் மண் எப்படிப்பட்டது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புரத்தில் ஒரு விநோதமான மண்ணைப் பார்த்தார். தோண்டும்போது கத்தியால் வெட்டலாம், வெயில் பட்டால் கல்லாகிவிடும். செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். 1807இல் அவருடைய நூல் வெளியானது. நாம் அதைச் செம்பாறை என்றும் வெட்டுக்கல் என்றும் சொல்கிறோம். பாறசாலைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் அந்தக் கல்தான்.

வெப்பமும் கனமழையும் மாறிமாறி அடிக்கும் ஊர்களில் இந்த மண் உருவாகிறது. பல ஆயிரம் ஆண்டு மழை, பாறையிலிருந்த சிலிக்காவையும் சுண்ணாம்பையும் பொட்டாசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கரையாமல் மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். இரும்பு துருப்பிடித்ததால் வந்ததே அந்தச் சிவப்பு. இப்படிப்பட்ட மண் புளிப்பு மண். செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ் இருந்தாலும், இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்தாயத்தில் நெல் இருந்தும் சாவி இன்னொருவர் கையில் இருப்பதுபோல.

மரச்சீனி இந்த மண்ணில் வாழ்வதற்கு ஒரு கூட்டாளியை வைத்திருக்கிறது. அதன் வேருக்குள் புகுந்து வாழும் ஒருவகைப் பூஞ்சை, வேரைவிடப் பலமடங்கு மெல்லிய இழைகளை மண்ணுக்குள் அனுப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. பூஞ்சையோடு சேர்ந்து வாழும் பயிர்கள் பல உண்டு. மரச்சீனி அளவுக்கு அதை நம்பியிருக்கும் பயிர்கள் குறைவு.

வறட்சியையும் அது தனக்கே உரிய முறையில் தாங்குகிறது. காற்று காய்ந்தவுடனே இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். நீடித்தால் இலைகளைக் கொட்டிவிட்டு வெறும் கம்பாக நிற்கும். மழை வந்ததும் கிழங்கில் சேர்த்துவைத்ததைக் கொண்டு மறுபடி தளிர்க்கும். நெல்லுக்குப் பூக்கும் வாரத்தில் தண்ணீர் தவறினால் மணி பதராகும். மரச்சீனிக்கு அப்படித் தவறக்கூடாத வாரம் என்று ஒன்றில்லை. மழை கேரளத்தின் வடக்கைவிடக் குறைவாகப் பெய்யும் இந்தத் தென்கோடிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கடல் கடந்து வந்த கம்பு

மரச்சீனி நம் நாட்டுச் செடி இல்லை. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காட்டு மூதாதை அமேசான் காட்டின் தென்மேற்கு விளிம்பில் இன்றும் வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் அதை வீட்டுப் பயிராக்கினார்கள். போர்ச்சுகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்கும் பிறகு நம் மேற்குக் கரைக்கும் கொண்டுவந்தார்கள்.

வந்த பயிர் நெடுங்காலம் பெரிதாகப் பரவவில்லை. அது பெரும்பயிரானதில் ஒரு மன்னருக்குப் பங்குண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. பக்கத்துச் சீமையிலிருந்து பசியோடு வந்தவர்களைத் திருவிதாங்கூர் கண்ணால் கண்டிருந்தது. விசாகம் திருநாள் மரச்சீனியை நாடெங்கும் நடச் செய்தார். விஷக்கிழங்கு என்று அஞ்சியவர்களின் பயத்தைப் போக்க, அரண்மனைப் பந்தியிலேயே அதைப் பரிமாறச் சொன்னார் என்ற செவிவழிக் கதை இன்றும் உலவுகிறது.

கதை எப்படியிருந்தாலும், பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு வருவதற்கு முன், மன்னரைக் காட்டிலும் பெரிய வேலை செய்த ஒன்றைப் பார்த்துவிடுவோம். அது அந்தக் கம்பின் இயல்பு.

தின்ன முடியாத விதை

பஞ்சம் வரும்போது விவசாயி எடுக்கும் கடைசி முடிவு எது? விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. பிள்ளைகள் பசியால் அழும்போது கோட்டைகட்டி வைத்த விதையில் கைவைக்காமல் இருக்க யாரால் முடியும்? ஆனால் அன்றைக்கு அடுப்பில் ஏறிய விதை, அடுத்த பருவத்துப் பஞ்சத்துக்கும் விதையாகிவிடும். உருளைக்கிழங்கிலும் இதே சங்கடம். தின்பதும் கிழங்கு, நடுவதும் கிழங்கு.

மரச்சீனியில் இந்தச் சங்கடம் இல்லை. உருளைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால்தான் அதில் கண்கள் உண்டு, முளை வரும். மரச்சீனிக் கிழங்கு முழுக்க முழுக்க வேர். அதில் மொட்டு கிடையாது. மண்ணில் புதைத்தாலும் செடி வராது. செடி வருவது தண்டிலிருந்து, தண்டைத் தின்ன முடியாது. எனவே கடைசிக் கிழங்குவரை பிடுங்கித் தின்ற வீட்டிலும் அடுத்த வருடத்துக்கான விதை முற்றத்தில் சாத்தியபடி பத்திரமாக இருக்கும். பசியால் தொட முடியாத விதை அது. ஏழை விவசாயிக்கு இயற்கை கொடுத்த காப்பீடு என்று இதைச் சொல்வேன்.

அந்த விதைக்கு விலையும் இல்லை. ஒரு செடியின் தண்டை நறுக்கினால் சுமார் பத்துக் கம்பு கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கட்டுக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் குறையாது. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் ஊருக்கும், மலையடிவாரத்தில் புதிதாகக் காடு திருத்தப் போன அண்ணன்தம்பிக்கும் கம்புக்கட்டு தோளில் போய்ச் சேரும். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மத்திய திருவிதாங்கூர் விவசாயிகள் அம்பூரி போன்ற மலையடிவாரங்களுக்கும் வடக்கே மலபாருக்கும் குடியேறியபோது முதலில் ஊன்றியதும் இந்தக் கம்பைத்தான். ரப்பரும் மிளகும் பலன் தர வருடங்கள் ஆகும். அதுவரை உயிர் காத்தது கிழங்கு.

இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. விதையிலிருந்து வரும் செடி தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த புதிய உயிர். கம்பிலிருந்து வருவதோ தாய்ச்செடியின் அதே உடல். ஒரு நல்ல ரகத்தை நூறு ஆண்டுகளாகக் கம்பு வழியாகவே நட்டுவந்திருந்தால், நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ பிடுங்கிய அதே செடியின் சதையைத்தான் நாம் இன்றும் தட்டில் வைத்திருக்கிறோம். மலேயாவிலிருந்து வந்து கேரளத்தின் நாக்கைக் கட்டிப்போட்ட எம்-4 ரகம் அப்படிப்பட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. தாயின் நோயும் கம்போடு வரும். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் ஒரு செடியில் புகுந்தால், அதிலிருந்து நறுக்கிய கம்பெல்லாம் அந்த வைரஸைச் சுமக்கும். இலை சுருண்டு மஞ்சள் பூத்த செடியிலிருந்து கம்பு எடுக்கக் கூடாது என்று விவரமறிந்த விவசாயிகள் சொல்வது அதனால்தான்.

வேருக்குள் ஒரு காவல்

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். மரச்சீனியின் கிழங்கிலும், அதைவிட அதிகமாக அதன் தொலியிலும் இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. அதே செடியில் லினமாரேஸ் என்ற நொதியும் இருக்கிறது. இரண்டையும் செடி ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகளில் பூட்டிவைத்திருக்கிறது. லினமாரின் செல்லின் உள்ளறையில், நொதி செல்லின் சுவரில். எலியோ பன்றியோ கடித்தால் சுவர் உடைகிறது, இரண்டும் சந்திக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. உலகின் கொடிய விஷங்களில் ஒன்று. பச்சை மரச்சீனி இலை தின்ற ஆடும் மாடும் துடித்து விழுவதைக் கண்ட கிராமத்தார் அதனால்தான் கட்டுத்தறியைக் கிழங்கு விளையிலிருந்து தள்ளிவைத்தார்கள்.

எல்லா ரகத்திலும் விஷம் ஒரே அளவில் இல்லை. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவான சயனைடு இருந்தால் அதைத் தித்திப்பு ரகம் என்கிறார்கள். கசப்பு ரகங்களில் அது பலமடங்கு இருக்கும். நம் வீட்டுச் சமையலுக்கு வருவது பெரும்பாலும் தித்திப்பு ரகம். ஆனால் வறட்சிக் காலத்தில் தித்திப்பு ரகத்திலும் விஷம் ஏறும். பசி மிகும் காலத்தில் கிழங்கின் நஞ்சும் மிகுகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

வடித்த நீர்

இந்த இடத்தில்தான் எல்லையோரத்து அடுக்களைக்குள் போக வேண்டும். கிழங்கைச் சமைக்கும் முறையைப் பாருங்கள். மேலே மண் ஒட்டிய மெல்லிய பழுப்புத் தொலி, அதற்குக் கீழே தடித்த வெள்ளைத் தொலி, இரண்டையும் சேர்த்து உரிக்கிறார்கள். விஷம் அதிகம் இருப்பது அந்தத் தடித்த தொலியில். நடுவில் ஓடும் நரம்பை எடுத்துவிடுகிறார்கள். சிறு துண்டுகளாகக் கொத்துகிறார்கள். பெரிய பானையில் கிழங்கு மூழ்கி நிற்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, மூடாமல் அவிக்கிறார்கள். வெந்ததும் அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டுகிறார்கள். "மக்களே, தண்ணி வடிச்சாச்சா?" என்று முற்றத்திலிருந்து மாமியார் மருமகளிடம் கேட்பது வெறும் வழக்கத்துக்கான கேள்வி இல்லை. பிறகுதான் தேங்காயும் காந்தாரி மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அரைத்த அரைப்பைப் போட்டு மசித்து மயக்குவது.

ஒவ்வொரு படிக்கும் இப்போது வேதியியல் காரணம் தெரியும். கொத்தும்போது செல்கள் உடைகின்றன. நொதியும் லினமாரினும் சந்தித்துச் சயனைடு உண்டாகிறது. அது 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். நெய்யாற்றின்கரையின் சாதாரண வெயிலே போதும். மூடாத பானையில் அது காற்றோடு போய்விடுகிறது. ஆனால் தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே சூட்டில் நொதி செத்துவிடும். அதற்குப் பிறகு உடையாமல் மிஞ்சிய லினமாரின் எத்தனை நேரம் கொதித்தாலும் எளிதில் அழியாது. அது நீரில் கரையும். துண்டு சிறிதாக இருந்தால், நீர் நிறைய இருந்தால், மேலும் மேலும் கரைந்து வெளியே வரும். அந்த நீரைக் கொட்டினால்தான் அது நம்மைவிட்டுப் போகும். கொதிக்கவைப்பதைவிட வடிப்பது முக்கியம் என்பது இதனால்தான். ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அடுக்களை அதைக் கண்டுபிடித்திருந்தது.

அமேசானில் கசப்பு ரகத்தைப் பயிரிடும் மக்கள் கிழங்கைத் துருவி, திப்பிட்டி என்ற நீண்ட பின்னல் குழாயில் அடைத்து, தொங்கவிட்டு இழுத்துச் சாற்றைப் பிழிகிறார்கள். ஆப்பிரிக்காவில் நாட்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவைக்கிறார்கள். மூன்று கண்டங்கள், மூன்று வழி, ஒரே வேதியியல். எங்கும் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பூவாற்றிலிருந்து வந்த சாளை

வடித்த பிறகும் துளி விஷம் மிஞ்சும். அதை உடல் எப்படிச் சமாளிக்கிறது? நம் ஈரலில் ரோடனீஸ் என்ற நொதி இருக்கிறது. அது சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட் என்ற தீங்கு குறைந்த பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். மரச்சீனியில் மாவுச்சத்து ஏராளம், புரதமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தயோசயனேட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அயோடின் போதாத உடலில் அது தைராய்டு சுரப்பியைத் தடுத்துக் கழுத்தில் கழலையை உண்டாக்கும்.

அகத்தியர் மலையில் பிறந்த நெய்யாறு பூவாற்றில் கடலைச் சேர்கிறது. பூவாற்றிலும் பொழியூரிலும் கொல்லங்கோட்டுக் கடற்கரையிலும் கரையேறிய சாளையையும் நெத்திலியையும் கூடையில் தலைச்சுமையாகச் சுமந்து மீன்காரப் பெண்கள் விளைகளுக்கு நடந்துவந்தார்கள். மயக்கிய கிழங்குக்குப் பக்கத்தில் மீன்கறி வந்தது. சாளையில் கந்தகம் நிறைந்த புரதம் இருக்கிறது, கடல்மீனாகையால் அயோடினும் இருக்கிறது. கிழங்கிடம் இல்லாதது இரண்டும் மீனிடம் இருந்தது. நாக்கு சேர்த்த ஜோடியை உடலும் வேண்டியிருந்தது.

அந்த ஜோடி இல்லாத இடத்தில் என்ன நடந்தது? 1938இல் காங்கோவில் ஜியோவானி ட்ரோலி என்ற மருத்துவர் கொன்சோ என்ற நோயைப் பதிவு செய்தார். ஒரே நாளில் கால்கள் விறைத்து நடை போய்விடும், திரும்பாது. 1981இல் மொசாம்பிக்கின் வடபகுதியில் வறட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், இதே நோயால் முடங்கினார்கள். கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்த நேரமில்லாத பசியும், புரதமில்லாத உணவும் சேர்ந்த விளைவு அது.

அமெரிக்க முன்னோடிகளின் மக்காச்சோளத்துக்கும் இதே பாடம் உண்டு. மெக்சிகோவின் பூர்வகுடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைப்பார்கள். அதனால் சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபடும். குடியேறியவர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பிய அமெரிக்கத் தென்மாநில ஏழைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா நோயால் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். அது தொற்றுநோய் இல்லை, உணவுக் குறைபாடு என்று 1914 முதல் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பெர்கர். பயிர் கடல் கடக்கும்போது சமையலும் சேர்ந்து கடக்க வேண்டும். இல்லையென்றால் புதிய ஊரின் அடுக்களை அதைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும். தென் திருவிதாங்கூர் கண்டுபிடித்துக்கொண்டது.

மண்ணே பத்தாயம்

பிடுங்கிய மரச்சீனி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடிக் கெட்டுவிடும். பிடுங்காத கிழங்கோ மாதக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். எனவே விளையே பத்தாயம். இன்றைக்கு ஒரு மூடு செடி, நாளைக்கு ஒரு மூடு செடி என்று தேவைக்குப் பிடுங்கலாம். பத்தாயம் கட்ட வசதியில்லாத வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் பத்தாயத்தின் அருமை 1942இல் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. வெளியரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் திகைத்தது. அந்த வருடங்களில் மூன்று வேளையும் மரச்சீனியே தின்று வளர்ந்த தலைமுறையை எல்லையோரத்து முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் சரிவில் ஊன்றிய கம்புகள் அன்றைக்கு ஒரு நாட்டைத் தாங்கின.

1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1971இல் அது வெளியிட்ட எச்-165, எச்-226 ஆகிய ரகங்கள் சேலத்து ஜவ்வரிசி ஆலைகள்வரை போயின. 1977இல் வெளியான ஒரு மஞ்சள் சாயல் ரகத்துக்கு மன்னரின் நினைவாக ஸ்ரீவிசாகம் என்று பெயர். மரச்சீனி இலையின் விஷத்தைப் பிரித்தெடுத்து, வாழையைத் துளைக்கும் வண்டுக்கு எதிரான பூச்சிமருந்தாகவும் அந்நிறுவனம் மாற்றியிருக்கிறது. செடி தன்னைக் காக்க வைத்திருந்த ஆயுதம் இப்போது பக்கத்து வாழைக்கும் காவல்.

உலகில் சராசரியாக ஓர் எக்டேரில் சுமார் 10 டன் மரச்சீனி விளைகிறது. கேரளத்தில் அதன் மும்மடங்குக்கும் மேல் விளைகிறது. ஆனாலும் பாறசாலைச் சரிவுகளில் கிழங்குவிளையின் இடத்தை ரப்பரும் வீட்டுமனையும் பெருமளவு பிடித்துவிட்டன. நிலம் மாறலாம், அது இயல்பு. நிலத்தோடு போகக் கூடாத ஒன்று உண்டு. அது அந்த அடுக்களை அறிவு. இப்போது தொலி சீவி உறையில் அடைத்த கிழங்கு கடையில் கிடைக்கிறது. அதை வாங்கும் இளைய தலைமுறை குக்கரில் கொஞ்சம் தண்ணீரோடு மூடி வேகவைத்து, நீரை வடிக்காமலே உண்பதைப் பார்க்கிறேன். ஒரு வேளை உண்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஏன் வடித்தார்கள் என்ற கேள்வியே மறைந்துபோனால், வறட்சியில் கிழங்கு கசக்கும் வருடத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

1865இன் விளம்பரம் வந்தபோது நிலம் வைத்திருந்தவரின் பெயர் அரசுப் பதிவில் ஏறியது. சரிவில் முதல் கம்பை ஊன்றியவரின் பெயர் எங்கும் இல்லை. முதலில் நீரை வடித்துக் கொட்டியவளின் பெயரும் இல்லை. முன்னோடி என்று நான் மதிப்பது அந்த இருவரைத்தான். உங்கள் வீட்டில் அந்தக் கையின் வழிவந்த ஒரு பாட்டி இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கிழங்கை எப்படி உரித்தார், எவ்வளவு தண்ணீர் வைத்தார், எப்போது வடித்தார், எதோடு சேர்த்து உண்ணக் கொடுத்தார் என்று எழுதிவையுங்கள். கம்பை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதுபோல அதையும் கொடுங்கள்.